அழுத்தினால் இறங்கும் எண்

ரவிக்கையின் கையை இரண்டு விரற்கடை இறக்கித் தைக்க வேண்டும் என்றதும் தையற்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கள்ளக்குறிச்சியில் பல வருடங்களாக அவரிடம்தான் தைக்கிறேன். அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், பேச வேண்டியிருக்காது.

“இந்த வெயில்ல எல்லாரும் கையைக் கொறைச்சித் தைக்கச் சொல்றாங்க. நீங்க இன்னா எறக்கச் சொல்றீங்க?”

சேலையை விலக்கி இடது மேற்கையின் பின்புறத்தைக் காட்டினேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது.

“இன்னாங்க இது, சட்டைப் பொத்தானாட்டம்?”

“சர்க்கரை பாக்கறது. உள்ள முடி மாதிரி ஒரு இழை போயிருக்குது. எவ்ளோ இருக்குதுன்னு போனுக்கு அனுப்பிகினே இருக்கும்.”

“போனை யாரு பாக்கறது?”

“நான் பாப்பேன். பெங்களூர்ல என் பொண்ணும் பாப்பா.”

“அங்க இருந்துகினேவா?” அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “குடுத்து வெச்சவங்க. என் பொண்ணு எதிர்த்த தெருவுலதான் இருக்கா. எட்டிப் பாக்கறதில்ல.”

நான் ஒரு நாளிதழின் விழுப்புரம் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். மாவட்டப் பக்கம் என் பொறுப்பு. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மோதல், மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா, களமருதூரில் மழைக்குச் சாய்ந்த நெல் என்று நிருபர்கள் அனுப்புவதை வெட்டிச் சுருக்கிக் கொடுப்பது வேலை. ‘கண்ணீர் வெள்ளத்தில்’, ‘பெரும் சோகத்தில்’ போன்ற சொற்களை முதலில் எடுத்துவிடுவேன். யாருக்கு என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் சொன்னார்கள் என்பவை இருந்தால் போதும். ஒருவர் மட்டும் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

என் கணவர் இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும். தனியாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் சில விவரங்கள் உண்டு. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். சிலிண்டர் கொண்டுவருபவர், “ஓடிபி சொல்லுங்கம்மா” என்று கேட்கும்போது நான் சொல்லும் முதல் இலக்கம் கரகரப்பாக வரும். அன்றைக்கு அதுதான் என் முதல் பேச்சு என்பது அப்போதுதான் தெரியும்.

வில்லை வந்ததற்குக் காரணம் பேருந்து நிலையம். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவள் பூக்கடை வாசலில் விழுந்துவிட்டேன். பூக்காரர் சோடா வாங்கிக் கொடுத்து, என் போனில் கடைசியாகப் பேசிய எண்ணுக்குக் கூப்பிட்டார். அது என் மகளின் எண். அவள் மறுநாளே வந்து என்னை டாக்டரிடம் அழைத்துப்போய் வில்லையை ஒட்டவைத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“மா, இன்னொரு தடவை எழுவதுக்குக் கீழ போச்சுன்னா நான் கேக்க மாட்டேன். வந்து கூட்டிகினு போயிடுவேன். வூட்டைப் பூட்டிட்டு அங்கதான்.”

அவளுடைய குடியிருப்பில் நான் இருந்திருக்கிறேன். லிஃப்டில் யாராவது ஏறினால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எண்கள் மாறுவதைப் பார்ப்பார்கள். காலையில் எல்லோரும் போன பிறகு மாலை வரைக்கும் யாருடைய வீடு அது என்று எனக்கு விளங்கியதில்லை. இங்கே தனியாக இருந்தாலும் என் வீட்டில் தனியாக இருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் நேரத்துக்குச் சாப்பிட்டேன். எண்ணும் எழுபதுக்குக் கீழே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் வில்லையை ஒட்டிய நர்ஸ் சில எச்சரிக்கைகள் சொல்லியிருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ஓரம் கிளம்பிவிடும். எடுத்த எடுப்பில் எண்ணை நம்பாதீர்கள், உடம்பு ஒன்று சொல்லி எண் வேறு சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள். கடைசியாக, “அந்தக் கைப்பக்கம் ஒருக்களிச்சிப் படுக்காதீங்க. அமுங்கினா இல்லாத கம்மியைக் காட்டும்” என்றாள். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. சர்க்கரையோடு வந்த தோள்பட்டை இறுக்கத்தால் இடது பக்கம் படுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மற்றபடி என் கையை அழுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வில்லை வந்த பிறகு ஒரு மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் மகள் தினமும் சாயங்காலம் ஆபீஸ் வண்டியில் வரும்போது கூப்பிடுவாள். இன்னா சாப்ட, சுகர் பாத்தியா, எவ்ளோ இருந்தது என்று ஆரம்பித்து, மேலாளரைத் திட்டுவதில் முடியும். இப்போது எவ்வளவு என்பது அவளுக்குத் தெரிகிறது. இட்லிக்கு எவ்வளவு ஏறியது, நடந்தால் எவ்வளவு இறங்கியது என்பதும் தெரிகிறது. கேட்க ஒன்றும் இல்லை. மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வரும். நானும் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். போனில் சரியான அளவைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள் கோடு நேராகப் போகும் நாட்களில் அதுவும் வராது.

கணவரின் அண்ணன் இறந்த செய்தி காலையில் வந்தது. நான் இன்சுலின் போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்திருந்தேன். அவருடைய மகன் கூப்பிட்டான்.

“சித்தி, அப்பா போயிட்டாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவரு அங்கியே உக்காந்துட்டாரு. மூணு மணிக்கு எடுக்கறோம்.”

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அவர்கள் ஊர். கரும்பும் மரவள்ளியும் மாறி மாறி வரும். அதற்குப் பின்னால் மலை, வெயில் ஏறினால் சாம்பல் நிறமாகிவிடும். என் கணவர் இருந்தவரை பொங்கலுக்கும் கோயில் காரியத்துக்கும் போய்வந்தோம். அவர் போன பிறகு அது நின்றுவிட்டது. அவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் யாராவது சமாதானம் பேச வந்திருப்பார்கள்.

மாலை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். பையில் கடலை மிட்டாய் இருந்தது. அதை அங்கே வெளியில் எடுக்க முடியாது என்பதும் தெரியும். பிணம் எடுக்கும் வரை பங்காளி வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளிகள் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு எதிர்வீட்டில் டீ கொடுப்பார்கள். நான் பங்காளி வீட்டு மருமகள். இறங்கும்போது போனைப் பார்த்தேன். நூற்று இருபத்தாறு. போதுமானது.

ஐஸ் பெட்டி கூடத்தில் இருந்தது. மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஓரகத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் நீட்டினாள். அவளுக்கு வலப்புறமாக உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போகும் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. துக்கக்காரிதான் முதலில் பிடிப்பாள். விடுவதும் அவளாகத்தான் விட வேண்டும். வந்தவள் முதலில் கையை எடுத்துவிட்டால், அழ வரவில்லை, தலையைக் காட்ட வந்தாள் என்று பேச்சாகிவிடும். வழக்கமாக அடுத்த கூட்டம் தெருமுனையில் அழுதுகொண்டு வரும்போது பிடி தளரும், முதலில் வந்தவள் நகர்ந்து இடம் விடுவாள்.

ஓரகத்தி விடவில்லை. அடுத்த கூட்டம் வந்தபோது இடது கையால் அவர்களைக் கட்டிக்கொண்டாள். வலது கை என் இடது மேற்கையை ரவிக்கையோடு சேர்த்து இறுக்கியிருந்தது. புதிதாக இறக்கித் தைத்த கை அது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. களை பறித்த விரல்கள். நகத்தடியில் மஞ்சள் இருந்தது.

முதலில் செத்தவரைப் பற்றி அழுதாள். தண்ணி காட்டிட்டு வரேன்னியே, மாடு வந்து நிக்குதே என்றாள். பிறகு அழுகை என் பக்கம் திரும்பியது. உன் தம்பி பொண்டாட்டி வந்திருக்கா பாரு என்று அவருக்குச் சொன்னாள். ஒத்தையில கெடந்தவ, ஒத்த உலை வெச்சவ, வந்து பாக்காத பாவியா ஆனேனே என்று இழுத்தாள். என் பாட்டையும் சேர்த்து அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கணவர் இறந்தபோது நான் அதிகம் அழுதவள் அல்ல. இப்போது அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பைக்குள் போன் கூவியது.

அது சாதாரண மணி இல்லை. ஆம்புலன்ஸ் ஒலிபோல ஏறி இறங்கும். போனை ஊமையாக்கினாலும் அது ஊமையாகாது. அழுகை ஒரு கணம் நின்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, “யாரு போனுடி அது, சாவு வூட்டுல?” என்றாள். வலது கையால் பையைத் துழாவி எடுத்தேன். அறுபத்தொன்று. பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு.

என் உடம்பைச் சோதித்தேன். வேர்வை இருந்தது, ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்தது. கை நடுங்கியது, அழுபவர்களுக்கு நடுங்கத்தான் செய்யும். கண் மங்கலாக இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது. பூக்கடை வாசலில் விழுந்த அன்று இருந்த அறிகுறிகள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் வேறு காரணமும் இருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. மகள். எடுக்க முடியவில்லை. அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. என் வீட்டுச் சாவி அதே பைக்குள் இருந்தது.

ஓரகத்தி அழுத குரலை அப்படியே இறக்கிவைத்துவிட்டுச் சாதாரணக் குரலில் கேட்டாள். “இன்னாடி சத்தம் அது?”

“சர்க்கரை கம்மியாயிடுச்சு, அறுவத்தொண்ணுன்னு சொல்லுதுக்கா.”

“அதுவா சொல்லுது?”

“கையில ஒட்டியிருக்குது. அது போனுக்குச் சொல்லுது.”

சுவரோரக் கிழவி, “அதும் சேர்ந்து ஒப்பாரி வெக்குதுடி” என்றாள். யாரோ சேலைத் தலைப்புக்குள் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டாள்.

“மாமா மிஷினை எடுத்துகினு வா. சின்ன அத்தைக்குக் குத்திப் பாரு.”

இறந்தவருக்கும் சர்க்கரை. மருமகள்தான் தினமும் அவருக்குக் குத்திப் பார்ப்பவள். அலமாரியிலிருந்து மெஷினைக் கொண்டுவந்து என் எதிரில் குந்தினாள். பொத்தானை அமுக்கியதும் பழைய எண் ஒன்று வந்து மறைந்தது. இருநூற்று நான்கு. அது அவருடையது. அவள் அதைப் பார்த்துவிட்டு என் இடது கை விரலைப் பிடித்துக் குத்தினாள். மேற்கை இன்னும் ஓரகத்தியின் பிடியில்தான் இருந்தது.

“நூத்திப் பதினெட்டு” என்றாள் மருமகள்.

“கை அறுவதுங்குது, வெரலு நூத்திப் பதினெட்டுங்குது” என்றாள் கிழவி. “ஒரே ஒடம்புல எது நெசம்?”

அப்போதுதான் நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்தேன். ரவிக்கைக் கையின் மேல் ஐந்து விரல்களும் புதைந்திருந்தன. ஒன்றும் குறையவில்லை. அழுத்திப் பிடித்திருந்ததால் எண் இறங்கியிருக்கிறது. சொன்னால் அவள் கையை எடுத்துவிடுவாள். நான் சொல்லவில்லை.

“எது நெசமா இருந்தா இன்னா” என்றாள் ஓரகத்தி. மருமகளிடம், “ஆணியில மாமா சட்டை இருக்குது பாரு, பையில மிட்டாய் இருக்கும்” என்றாள். மயக்கம் வந்தால் போட்டுக்கொள்ள அவர் எப்போதும் வைத்திருந்தது. ஆரஞ்சு மிட்டாய், வெயிலில் தாளோடு ஒட்டிப்போயிருந்தது.

“அக்கா, எடுக்கறதுக்கு முன்னாடி எப்டி...”

“அவரு குடுக்கறாருன்னு நெனச்சிக்கோ. வாயத் தொற.”

திறந்தேன். தாளின் ஒரு துணுக்கும் சேர்ந்து வாய்க்குள் போனது. கிழவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஓரகத்தி விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். அவளை எழுப்பக் கைகொடுத்தபோதுதான் பிடி விட்டது.

ஊர்க் கோடியில் புளியமரத்தடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே நின்று மகளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எங்க இருக்க? ஏன் எடுக்கல? அறுவத்தொண்ணு காட்டுச்சு, நான் ஆபீஸ்ல நின்னுகினே இருக்கேன்.”

“சாவுக்கு வந்திருக்கேன். உங்க பெரியப்பா. காலையில மெசேஜ் போட்டேனே.”

“பாத்தேன். நீ சாப்டாம உக்காந்திருப்ப. அதான் எறங்குது.”

“எறங்கல. உங்க பெரியம்மா கையப் புடிச்சிகினு இருந்தா. அதனால கம்மியாக் காட்டுச்சு. வெரல்ல நூத்திப் பதினெட்டு.”

“எவ்ளோ நேரம் புடிச்சாங்க?”

“அவ விடற வரைக்கும்.”

மகள் நிதானமாகச் சொன்னாள். “மா, பஸ் ஸ்டாண்டுல விழுந்தப்பவும் ஒண்ணுமில்ல, கால் தடுக்கிச்சுன்னுதான் சொன்ன. பேச்சு பேச்சுதான். நான் சனிக்கெழமை வரேன்.”

ஒருவர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்பது என்னிடம் கற்றது. நான் கோபப்பட முடியாது.

மறுநாள் காலை, அவள் தன் போனில் பார்த்துக்கொண்டிருக்க, நானே அழுத்திக் காட்டுவது என்று முடிவானது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வலது கையால் இடது மேற்கையைப் பிடித்தேன். சீக்கிரமே விரல்கள் மரத்தன. கையை மாற்ற வழியில்லை, பிடிக்க வேண்டிய இன்னொரு கைதான் பிடிபட்டிருக்கிறது. இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். தோள்பட்டை வலியில் உடனே எழுந்தேன். சுவரில் சாய்ந்து அழுத்தினேன், சுண்ணாம்பு ஒட்டியது. எண் நூற்று இருபதிலிருந்து நூற்றுப் பதிமூன்றுக்கு வந்தது, திரும்பப் போனது.

“அது சும்மாவே அப்டி ஏறி எறங்கும்மா” என்றாள் மகள்.

“என் கைக்கு பலம் பத்தல.”

“சரி, வையி. வரேன்.”

சனிக்கிழமை வந்தாள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை இழுத்து வந்திருந்தாள். வாசற்படியில் தூக்கி வைக்க உதவினேன். உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவு லேசாக இருந்தது. யாருடைய துணிக்கு என்று இருவருமே பேசவில்லை. அது பீரோவுக்குப் பக்கத்தில் நின்றது. கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தேன். மாலையில் கட்டைவிரல் அனுப்ப வேண்டியிருக்கவில்லை, எதிரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்து என் சேலைகளைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நான் கேட்டேன்.

“ஒரு தடவை நீ புடிச்சிப் பாரேன். எறங்கலைன்னா நானே பெட்டியில அடுக்கறேன்.”

கட்டிலில் அவளை இடப்பக்கம் உட்காரவைத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். தயங்கித் தயங்கிப் பிடித்தாள்.

“வலிக்குமா?”

“வலிக்காது. இன்னும் இறுக்கு. பெரியம்மா மாதிரி.”

இறுக்கினாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் தோள் என் தோளில் சாய்ந்தது, கை வலித்ததால் இருக்கலாம். மேலாளர் மாறிவிட்டார் என்றாள். புதியவர் இன்னும் மோசம் என்றாள். லிஃப்டில் யாரும் பேசுவதில்லை என்று நான் ஒருமுறை சொன்னதைத் தான் இப்போதுதான் கவனிப்பதாகச் சொன்னாள். எண் நூற்றுப் பத்தானது. தொண்ணூற்றேழு. அவள் பேச்சை நிறுத்தினாள். எண்பத்து மூன்று. எழுபத்தைந்து. அம்பு கீழே திரும்பியது.

“நெசந்தாம்மா” என்று கையை எடுத்துவிட்டாள். விரல்களை உதறிக்கொண்டாள். “சரி. அன்னிக்கு எறங்கனது கணக்குல இல்ல. நீ இங்கியே இரு.”

வீடு எனக்கு மிஞ்சியது. இன்னும் கொஞ்சநேரம் பிடித்திருந்தால் எழுபதுக்குக் கீழேயும் போயிருக்கும், இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

காலிப் பெட்டியில் அரிசியும் காய்ந்த மிளகாயும் வைத்துக் கொடுத்தேன். உடனே ஆட்டோவில் பேருந்து நிலையம் வரை கூடப் போனேன். பூக்காரர் என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார். அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனைப் பார்க்கும்படி சைகை காட்டினாள். பார்த்தேன். எண்பத்தொன்பது, அம்பு மேலே. வண்டி சேலம் சாலையில் திரும்பும்போது நூற்று ஒன்று. நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பதற்குள் அது பழைய இடத்துக்கு வந்து கோடு நேராகிவிட்டது.